‘66 சதவீத ஹெட்’ பாம்புக்கு நாலு இலட்சம் கொடுக்கலாமா?

அம்பாறைக் கரையோரத்தில் இருந்து ஒரு தம்பி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 29. கட்டாரில் இருந்து திரும்பி வந்தவர், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. சின்ன வயதில் இருந்தே புறா வளர்த்துப் பழக்கம், ஜோடி சேர்ப்பதில் கைதேர்ந்தவர். போனில் வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்துப் பார்த்து ‘போல் பைதன்’ எனும் ஆபிரிக்க மலைப்பாம்பின் மேல் ஆசை வந்துவிட்டது. கொழும்புப் பக்கம் ஒருவர் வட்ஸ்அப்பில் அறிமுகமாகி, ஆறு மாதக் குட்டிகள் ஒரு ஜோடியை 3,80,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ‘66 சதவீத ஹெட் பைபோல்ட்’. அதாவது, வெள்ளைத் திட்டுகளோடு பிறக்கும் பைபோல்ட் குட்டிகள் இந்த ஜோடியில் இருந்து வரும், ஆறு முட்டையில் நாலு நிச்சயம், குட்டி ஒன்று இரண்டு இலட்சம் போகும் என்பது விற்பவரின் கணக்கு. இரண்டையும் எடுத்தால் ‘ஸ்பைடர்’ என்ற நிறவகையில் ஒன்று இலவசம். தம்பி 75,000 ரூபாய் முற்பணமும் அனுப்பிவிட்டார். வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. மனைவிக்குத் தெரியும், பயப்படுகிறார். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல் இன்னொன்று. போன போகம் வெள்ளாமை வெட்டும்போது வட்டையில் மெசினுக்கு முன்னால் நம் நாட்டு மலைப்பாம்பான வெங்கிணாந்தியின் குட்டி ஒன்று அகப்பட்டதாம். “வெளிறிய நிறம், கண் நீலம். இது அல்பினோவாக இருக்குமோ? இதையும் வைத்துப் பெருக்கினால் நம் நாட்டிலேயே முதல் ஆளாக ஆகலாமா?” என்று கேட்டுப் படமும் அனுப்பியிருக்கிறார். அந்தக் குட்டி இப்போது அவர் வீட்டில் ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் இருக்கிறது.

தம்பி, நான் மிருக வைத்தியர், சட்டத்தரணி இல்லை. பாம்பைப் பற்றியும் அதன் விலையைப் பற்றியும் தெரிந்ததைச் சொல்கிறேன். சட்டத்தில் எனக்குத் திடமாகத் தெரிந்ததை மட்டும் சொல்வேன், மீதிக்கு நீங்கள் ஆளைப் பார்க்க வேண்டும். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். மிச்சக் காசை அனுப்பாதீர்கள். இதை வாசித்து முடித்த பிறகும் அனுப்பாதீர்கள்.

அந்த 66 எங்கிருந்து வந்தது

66 சதவீதக் குட்டிகள் பைபோல்டாக வரும் என்று நீங்கள் விளங்கியிருக்கிறீர்கள். விற்பவரும் அப்படித்தான் விளங்க வைத்திருக்கிறார். அதன் பொருள் வேறு. ‘ஹெட்’ என்றால் நிறத்தை வெளியே காட்டாமல் மரபணுவில் ஒளித்துச் சுமப்பது. நீங்கள் வாங்கப்போகும் பாம்பு அந்த நிறத்தின் மரபணுவைச் சுமக்கிறதா என்பதே சந்தேகம், சுமக்க மூன்றுக்கு இரண்டு வாய்ப்பு. அவ்வளவுதான்.

உங்கள் புறாவை வைத்தே பார்ப்போம். கறுப்பு ஜோடி ஒன்றில் திடீரென்று செம்புக் குஞ்சு பொரித்துப் பார்த்திருப்பீர்கள். தாய் தகப்பன் இருவரிடமும் அந்த நிறம் ஒளிந்திருந்தது, குஞ்சுக்கு இரு பக்கமும் இருந்து கிடைத்ததால் வெளியே வந்தது. பைபோல்டும் அப்படித்தான். ஒளித்து வைத்திருக்கும் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒன்று பைபோல்ட், நாலில் இரண்டு ஒளித்துச் சுமப்பவை, நாலில் ஒன்று எதுவுமே இல்லாதது. பின்னைய மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி, சாதாரணப் பாம்பு. அந்த மூன்றில் இரண்டு சுமக்கும், எவை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. அதனால் மூன்றையும் ‘66 சதவீத ஹெட்’ என்று சொல்லி விற்கிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு ஈற்றின் மிச்சம்தான் உங்களிடம் வருகிறது.

இப்போது உங்கள் ஜோடிக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டும் சுமப்பவையாக இருக்க மூன்றில் இரண்டைப் பெருக்க மூன்றில் இரண்டு, 44 சதவீதம். பாதிக்கும் குறைவு. இரண்டும் சுமந்தாலும்கூட, ஆறு முட்டையில் ஒரு பைபோல்டும் வராமல் போக ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. ஆக, முதல் ஈற்றில் ஒரு பைபோல்டையாவது நீங்கள் காண்பதற்கு மூன்றில் ஒன்றைவிடச் சற்றே மேல். ‘நாலு நிச்சயம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. பைபோல்ட் உட்படச் சில நிறங்களுக்கு, உதிர்த்த தோலை வைத்து மரபணுப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடங்கள் வெளிநாட்டில் இப்போது இருக்கின்றன. விற்பவர் கையில் அந்த அறிக்கை இருந்தால் 66 என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை, ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம்.

காலத்தையும் சேருங்கள். பெண் போல் பைதன் முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று வருடம் அளவில் ஆகும், உடல் நிறை ஒன்றரைக் கிலோவைத் தொட வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, சில வருடம் அதுவும் இல்லை. முட்டையை 31, 32 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம், இட்ட நிலையில் இருந்து புரட்டாமல் வைத்திருக்க வேண்டும். நம் பக்கம் மாரியில் வெள்ளம் வந்து கரண்ட் இரண்டு நாள் நின்றால் அந்த முட்டைகளின் கதை என்ன? கச்சான் வீசும் மாதங்களில் காற்று காய்ந்து, தோல் ஒழுங்காகக் கழலாமல் கண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரைக்கு வெள்ளெலியும் நீங்களே வளர்க்க வேண்டும். அதையும் இந்த இனம் சில வேளை மாதக் கணக்கில் தொடாது. வைத்தியருக்கே பொறுமை போய்விடும்.

விலை ஏன் நிற்காது

நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி: “விலை குறையாது டொக்டர், இது தங்கம் மாதிரி.” தங்கம் முட்டையிடாது, தம்பி.

போல் பைதனின் தாயகம் மேற்கு, மத்திய ஆபிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளில் இருந்து வருடா வருடம் பெருந்தொகையாக ஏற்றுமதியாகிறது. சினைப் பெண்களைப் பிடித்து வந்து முட்டையிட வைத்து, பொரித்த குட்டிகளை விற்பது அங்கே பழைய தொழில். அந்தக் கூட்டத்தில் எப்போதாவது விநோத நிறத்தில் ஒன்று அகப்படும். அதை அமெரிக்காவில் யாராவது பெரும் விலைக்கு வாங்கி, அந்த நிறம் பரம்பரையாக வருகிறதா என்று வருடக் கணக்கில் பெருக்கிப் பார்ப்பார்கள். 1992இல் பொப் கிளார்க் என்பவர் அல்பினோ போல் பைதனை முதன்முதலாக வளர்ப்பில் பிறக்க வைத்தார். 1997இல் பீட்டர் கால் பைபோல்டை அப்படிச் செய்து காட்டினார். அந்த நாட்களில் குட்டி ஒன்று ஆயிரக்கணக்கான டொலருக்குப் போனது. இன்று அதே அமெரிக்காவில் அல்பினோவோ பைபோல்டோ சில நூறு டொலர்தான். சாதாரண நிறக் குட்டி அதிலும் வெகு கீழே.

என்ன நடந்தது? முதலில் வாங்கியவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே பெருக்கி விற்க வாங்கியவர்கள். மூன்று நாலு வருடத்தில் எல்லோருடைய ஈற்றும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தது. விலையுயர்ந்த நிறப் பாம்பை வாங்குபவர்களில் பெரும்பகுதி, அதை வைத்து விற்கப்போகிறவர்கள்தான். சும்மா வீட்டில் வைத்து அழகு பார்க்க வாங்குபவர் கொஞ்ச விலைக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடுவார், அந்த ஒன்று இருபது முப்பது வருடம் உயிரோடு இருக்கும், அவர் திரும்பக் கடைக்கு வரமாட்டார். 2020இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்கியல் பூங்காவில் அறுபது வயது தாண்டிய போல் பைதன் ஒன்று, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆண் பக்கமே போகாமல் ஏழு முட்டை இட்டது. அவ்வளவு ஆயுள் கொண்ட பண்டத்துக்குத் திரும்பத் திரும்ப வாடிக்கையாளர் கிடைப்பது எப்படி?

அதனால்தான் அங்கே ஒரு நிறம் மலிந்ததும் அதோடு இரண்டு மூன்று நிறங்களைக் கலந்து புதுச் சேர்க்கை உருவாக்குகிறார்கள். விலை மேலே இருப்பது அந்தப் புதுச் சேர்க்கைக்கு மட்டும், அதுவும் கொஞ்ச நாளைக்கு. ஆண் ஒன்று பல பெண்களோடு சேரும் என்பதால் புது மரபணு ஆணின் வழியாகத்தான் விரைவில் பரவும். அதை முதலில் வைத்திருப்பவர் காசு பார்க்கிறார். பிந்தி வருபவர், முந்தியவரின் மிச்சக் குட்டிகளுக்கு விலை கொடுக்கிறார். உங்களுக்கு வந்திருப்பது 1997இல் தொடங்கிய நிறம், அதிலும் சுமக்கிறதா என்றே தெரியாத ஜோடி.

“இலங்கையில் இல்லாததால் இங்கே விலை நிற்கும்” என்று நீங்கள் சொல்லலாம். இங்கே விலை ஏன் அப்படி இருக்கிறது என்றால், பகிரங்கமாக விற்க முடியாததால்தான். பேஸ்புக்கில் படம் போட முடியாத சரக்குக்கு, ஆறு குட்டியை இரண்டு இலட்சம் வீதம் யாரிடம் விற்பீர்கள்? உங்களுக்கு விற்ற அதே ஆளிடம்தான் போக வேண்டும். அன்றைக்கு விலையை அவர் சொல்வார்.

இலவசமாக வரும் ஸ்பைடர்

அவர் அனுப்பிய வீடியோவை நீங்கள் எனக்கும் அனுப்பியிருந்தீர்கள், “ஆடுகிற மாதிரி வடிவாக இருக்கிறது” என்று எழுதி. இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். தலையைத் தூக்கியதும் அது மெல்லத் திருகிப் போகிறது. எலியைக் கொத்தப் பாய்ந்து, அதற்கு ஒரு சாண் தள்ளிப் பெட்டிச் சுவரில் முட்டுகிறது. பிறகு மல்லாந்து கிடந்து, திரும்பத் தெரியாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அது ஆட்டம் இல்லை. ஸ்பைடர் எனும் அந்த நிறக்கோலத்தோடு சேர்ந்தே வரும் குறை அது, உட்காதின் அமைப்பே கோளாறாகப் பிறக்கிறது. ஒன்றில் மெல்லியதாக இருக்கும், ஒன்றில் மோசமாக இருக்கும், ஆனால் அந்த மரபணுவைச் சுமக்கும் எல்லாவற்றிலும் இருக்கும். 1999இல் சந்தைக்கு வந்த நாளில் இருந்து இந்தத் தலையாட்டம் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். கோலம் அழகு என்பதால் நிறுத்தாமல் பெருக்கினார்கள். பிரிட்டனில் ஊர்வன வளர்ப்போர் சங்கம் ஒன்று தன் கண்காட்சிகளில் இதை விற்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. மருந்து இல்லை. யாராவது இலவசமாகத் தந்தால் அது ஏன் இலவசம் என்று யோசியுங்கள்.

நிறத்துக்காகப் பெருக்குவதால் வரும் கோளாறுகள் இது ஒன்றோடு முடியவில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கினால் ஒற்றைக் கண், வளைந்த முதுகெலும்பு, முட்டைக்குள்ளேயே சாகும் குட்டிகள் எல்லாம் உண்டு. புறாவில் நீங்களே கண்டிருப்பீர்கள்.

“பண்ணையில் பிறந்தது, சட்டம் பாயாது”

விற்பவர் சொன்னதாக நீங்கள் எழுதிய இரண்டு வாதமும் பிழை. முதலாவது, இலங்கைப் பாம்பு இல்லை என்பதால் கேள்வி இல்லை என்பது. இந்த நாட்டுக்குள் உயிருள்ள ஊர்வன கொண்டுவர வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், விலங்குத் தொற்றுக்காப்புச் சான்றும் வேண்டும். போல் பைதன், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் உள்ள இனம், இலங்கை 1979இல் இருந்து அதில் உறுப்பு நாடு. அதனால் அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதிப்பத்திரமும் தேவை. இரண்டாவது, பண்ணையில் பிறந்தது என்பதால் தேவை இல்லை என்பது. பண்ணையில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்பதும் அந்தப் பத்திரத்திலேயே குறிக்கப்படும். பத்திரம் இல்லையென்றால் அது பண்ணையில் பிறந்தது என்பதற்கு அவர் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

பயணப் பைக்குள் துணிப்பையில் கட்டி வரும் கதைகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் பிடிபட்டன. அப்படி வரும் பாம்புகள் நோயையும் கொண்டுவரும். நிடோவைரஸ் தொற்றினால் வாயில் சளி கட்டி, மூச்சுக்குத் தலையைத் தூக்கிக்கொண்டே கிடந்து சாகும். உண்ணியும் கூடவே வரும். பிள்ளை உள்ள வீடு என்பதால் சல்மொனெல்லாக் கிருமியையும் சொல்ல வேண்டும். பாம்புக்கு அது ஒன்றும் செய்யாது, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து. மனைவியின் பயத்தைப் ‘பொம்பிளைப் பயம்’ என்று தள்ளியிருந்தீர்கள். அவர் சரியான காரணத்துக்கே பயப்படுகிறார்.

முற்பணத்துக்கு வருவோம். விற்பவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: இறக்குமதி அனுமதியின் பிரதியும் சைட்டிஸ் பத்திரத்தின் பிரதியும் வேண்டும், இல்லாவிட்டால் முற்பணத்தைத் திருப்பி வையுங்கள். மரியாதையாக, எழுத்தில். தொலைபேசியில் சண்டை வேண்டாம். வங்கிப் பற்றுச்சீட்டையும் பழைய செய்திகளையும் அழிக்காதீர்கள். பத்திரம் இருந்தால் அரை நாளில் படம் வந்துவிடும். வராவிட்டால் காசு திரும்பும் என்று நான் ஆறுதல் சொல்லமாட்டேன். சட்டத்துக்கு முரணான சரக்குக்குக் கொடுத்த காசை மீட்டுத் தரும்படி நீதிமன்றத்தில் கேட்பது கடினம், பொலிசில் முறையிட்டால் உங்களிடமும் கேள்வி வரும். அதற்குப் போகும் முன் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். கட்டணம் பாரமென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 75,000 போய்விட்டதே என்று அதைக் காப்பாற்ற மூன்று இலட்சத்தைப் பின்னால் அனுப்புவதுதான் இதில் நடக்கக்கூடிய மிக மோசமான காரியம்.

பெருக்கிப் பார்க்கும் ஆசை போகாது என்று எனக்குத் தெரியும், போகவும் தேவையில்லை. கப்பி மீனைப் பாருங்கள். இதே மரபியல், இதே நிறக் கணக்கு, ஆனால் ஒரு தலைமுறைக்கு மூன்று மாதம் போதும். வால் பிழைத்தால் அடுத்த ஈற்றில் திருத்தலாம். அலங்கார மீன் இந்த நாட்டில் சட்டப்படி நடக்கும் ஏற்றுமதித் தொழில், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலர்களிடம் பயிற்சியும் ஆலோசனையும் கேட்கலாம். விலை அங்கேயும் ஏறி இறங்கும், பெரிய பணக்காரர் ஆக்குவேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் முற்றத்தில் தொட்டி வைத்து, வாப்பாவிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம்.

வட்டையில் பிடித்த குட்டி

கடிதத்தில் நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முதலில் முடிக்க வேண்டிய வேலை. வெங்கிணாந்தி, 1937ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம். சைட்டிஸில் கடுமையான முதலாம் அட்டவணை. பிடித்து வைத்திருப்பதும் குற்றம், விற்பது அதைவிடப் பெரிய விஷயம். மெசினுக்குள் போகாமல் காப்பாற்றிய உங்கள் நல்ல மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் காப்பாற்றிய அன்றே கொடுத்திருக்க வேண்டும்.

அது அல்பினோவும் இல்லை. அல்பினோவில் கரு நிறமே இருக்காது, கண் சிவப்பாக இருக்கும். உங்கள் படத்தில் முதுகில் கபிலத் திட்டுகள் தெளிவாக இருக்கின்றன, அவற்றின் ஓரத்தில் கறுப்புக் கோடும் தெரிகிறது. தோல் மங்கி, கண் பால் கலந்த நீலமாக இருப்பது சட்டை கழற்றப் போகிறது என்பதற்கு அடையாளம். இன்னும் ஒரு கிழமைக்குள் தோலை உரித்துவிட்டு எல்லா வெங்கிணாந்தியையும் போல நிற்கும். நீங்கள் நினைத்த நாட்டின் முதல் அல்பினோ அத்தோடு முடிந்தது.

சட்டத்தரணியிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நாளைக்கே வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் போதும். எங்கே, எப்போது கிடைத்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். தானாக வந்து ஒப்படைப்பவரையும் தேடி வந்து பிடிக்கப்படுபவரையும் ஒரே கண்ணால் பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் அது அவர்கள் முடிவு. பயந்து போய் இரவோடிரவாகக் கொண்டுபோய் வேறு எங்கேயாவது விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் வரும்வரை இரை கொடுக்க வேண்டாம், சட்டை கழற்றும் நேரத்தில் அது சாப்பிடாது. ரெஜிபோம் பெட்டியின் மூடியில் காற்றுக்கு இன்னும் சில துளை போட்டு, மூடியை இறுகக் கட்டுங்கள். உள்ளே ஒரு மூலையில் நனைத்துப் பிழிந்த துணியும் கவிழாத தட்டில் தண்ணீரும் வையுங்கள். பெட்டி வெயில் படாத இடத்தில், பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். தோல் கழலத் தொடங்கினால் நீங்கள் இழுத்து உரிக்காதீர்கள், கண்ணின் மேல் உள்ள மூடி கிழிந்துவிடும்.